பூரட்டாதிக்கு நடுவே நான்கு கோள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்வராயன் மலையில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் நண்பர்கள் சிலர் தொலைநோக்கியோடு ஏற்காட்டுக்கு ஏறுவது வழக்கம். சனியின் வளையத்தைப் பார்த்து முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: மற்ற விண்மீன்களுக்கும் கோள்கள் உண்டாமே, அவற்றைக் காட்டுங்கள். சேலத்து மாணவர்களும் ஆசிரியர்களும் சுற்றுலா வந்தவர்களும் கேட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். இருட்டில் வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது சொல்ல முடியாத நீண்ட பதில்கள் இங்கே இருக்கின்றன.

உங்கள் தொலைநோக்கியில் வேறொரு விண்மீனின் கோள் தெரியுமா?

தெரியாது. கோள் இருக்கும் விண்மீனைக் காட்டலாம், அவ்வளவுதான். உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகளிலும் இந்தக் கோள்களை யாரும் கண் வைத்துப் பார்ப்பதில்லை. கருவி பதிவுசெய்த ஒளியைக் கணினியில் திரும்பத் திரும்பச் சலித்த பிறகுதான் கோள் வெளிப்படுகிறது.

அப்படியென்றால் செய்திகளில் வரும் வண்ணப் படங்கள்?

மேகப்பட்டைகளும் சிவந்த அடிவானமும் கொண்டவை எல்லாம் ஓவியர்களின் கற்பனை. அறிவியலை அடிப்படையாகக் கொண்ட கற்பனைதான், ஆனாலும் கற்பனை. செய்தித்தாள்கள் அதைப் படத்துக்குக் கீழே சிறிய எழுத்திலாவது போடலாம். பல நேரம் போடுவதில்லை.

உண்மையான படங்களும் இருக்கின்றன. அவற்றில் கோள் ஒரு மங்கலான பொட்டு மட்டுமே. நடுவில் விண்மீன் இருந்த இடம் கறுப்பாக மறைக்கப்பட்டிருக்கும். உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின், அதாவது மற்ற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின், எண்ணிக்கை 2025 செப்டம்பரில் 6,000-ஐத் தாண்டியது. அவற்றில் நேரடியாகப் படம் எடுக்கப்பட்டவை நூற்றுக்கும் குறைவு. மற்றவற்றை, கோளின் ஈர்ப்பால் விண்மீன் தள்ளாடுவதை வைத்தோ, கோள் குறுக்கே போகும்போது விண்மீன் ஒளி குறைவதை வைத்தோ கண்டுபிடித்தார்கள். இருப்பதாகத் தெரியும், பார்த்ததில்லை என்ற வகை.

முதல் படம் எப்போது எடுக்கப்பட்டது?

2004-இல், சிலி நாட்டின் பரனால் மலையில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றில். 2எம்1207 என்ற பழுப்புக் குறுமீனின் அருகே, வியாழனைப் போல ஐந்து மடங்கு நிறை கொண்ட ஒரு பொருள் சிக்கியது. பழுப்புக் குறுமீன் முழுமையான விண்மீன் அல்ல. அதன் துணையைக் கோள் என்று அழைக்கலாமா என்ற வாதம் எழுந்ததில் வியப்பில்லை.

வாதத்துக்கு இடமில்லாத படம் 2008 நவம்பரில் வந்தது. எச்ஆர் 8799 என்ற விண்மீனைச் சுற்றி மூன்று கோள்கள் ஒரே படத்தில் இருந்தன. ஹவாயின் கெக், ஜெமினி தொலைநோக்கிகளைப் பயன்படுத்திய கிறிஸ்தியான் மறுவா குழுவின் வேலை அது. 2010-இல் அதே விண்மீனுக்கு நான்காவது கோளும் தென்பட்டது. அந்த விண்மீன் இருக்கும் இடம் நம் வீட்டுப் பஞ்சாங்கத்தில் உள்ள பூரட்டாதிதான். அதைக் கடைசியில் காட்டுகிறேன்.

இவ்வளவு கடினமாக இருப்பதற்குத் தொலைவுதானே காரணம்?

தொலைவு பாதிக் காரணம்கூட இல்லை. வியாழன் அளவுள்ள கோள் தனியாக நின்றால், இன்றைய தொலைநோக்கிகள் அதன் மங்கலைச் சமாளித்துவிடும். தொல்லை அதன் பக்கத்தில் இருக்கும் விண்மீன். நம் சூரியக் குடும்பத்தைத் தொலைவிலிருந்து யாராவது பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வியாழன் சூரியனின் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒளிரும். பூமி அதிலும் பத்தில் ஒரு பங்கு.

இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 33 ஒளியாண்டுத் தொலைவிலிருந்து பார்த்தால், சூரியனுக்கும் வியாழனுக்கும் இடையே அரை வில்விநாடிதான் இருக்கும். அது எவ்வளவு? ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலம் நகரத்தின் விளக்குகளைப் பாருங்கள். நேர்க்கோட்டில் சுமார் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்கே ஒரு தெருவிளக்குக்கு மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஒன்றைத்தான் தேடுகிறோம். அதுவும் அந்த விளக்கைவிட நூறு கோடி மடங்கு மங்கலான ஒன்று.

பெரிய தொலைநோக்கி கட்டினால் தீர்ந்துவிடாதா?

பெரிய கண்ணாடி தேவைதான். அது மட்டும் போதாது. தொலைநோக்கிக்கு மேலே கிலோமீட்டர் கணக்கில் காற்று கொதித்துக்கொண்டிருக்கிறது. விண்மீன் மினுங்குவது அதனால்தான். மினுங்கும் விண்மீன் படத்தில் ஒரு புள்ளியாக விழாமல் பெரிய திட்டாக விழுகிறது. அந்தத் திட்டுக்குள் கோள் புதைந்துவிடும். எனவே மெல்லிய கண்ணாடி ஒன்றை, அதன் பின்னால் உள்ள நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய தள்ளிகளைக் கொண்டு, விநாடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் வளைத்து, காற்று செய்த கோணலை எதிர்க்கோணலால் நிமிர்த்துகிறார்கள். தகவமைப்பு ஒளியியல் என்று பெயர். கேட்டால் மந்திரம் போலிருக்கும். ஆனால் இன்றைய பெரிய வான்காணகங்களில் இது அன்றாட வேலை.

அடுத்தது மறைப்பு. விண்மீனின் ஒளி விழும் இடத்தில் ஒரு தடுப்பை வைத்து, தடுப்பின் ஓரத்தில் கசியும் ஒளியை இன்னொரு தடுப்பால் வெட்டும் கருவிக்குக் கரோனாகிராஃப் என்று பெயர். பிரான்சின் பெர்னார் லியோ இதை 1930களின் தொடக்கத்தில் சூரியனுக்காகச் செய்தார். கிரகணம் வரும்வரை காத்திராமல் சூரியனின் வெளிமண்டலத்தைப் பார்க்கலாமே என்பது அவருடைய யோசனை. நமக்கு இது அந்நியக் கருவி அல்ல. 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவி ஒரு கரோனாகிராஃப்தான். இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கியது. ஒரே தத்துவத்தைச் சூரியனுக்கு ஒரு விதமாகவும் தொலைவிலுள்ள விண்மீனுக்கு வேறு விதமாகவும் கூர் தீட்டுகிறார்கள்.

இவ்வளவு செய்தும் விண்மீன் ஒளி முழுதாகப் போகாது. கண்ணாடியின் மிக நுண்ணிய குறைகளால் படம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக எச்சம் நிற்கும், ஒவ்வொன்றும் கோள் போலவே. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. தொலைநோக்கி விண்மீனைப் பின்தொடரும்போது, வானத்தின் சுழற்சியை ஈடுசெய்து படத்தை நேராக வைத்திருக்கும் பொறியை வேண்டுமென்றே நிறுத்திவிடுகிறார்கள். மணிக்கணக்கில் படம் எடுக்கும்போது வானத்தில் உள்ளவை விண்மீனைச் சுற்றி மெல்லத் திரும்பும். கருவியின் குறையால் வந்த பொட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். திரும்பாதவற்றைக் கணினியில் கழித்துவிட்டு, திரும்பியவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் மிஞ்சுவது வானத்துக்குச் சொந்தமானது. எச்ஆர் 8799-இன் கோள்கள் சிக்கியது இந்த வழியில்தான். கண்ணாடியைப் பெரிதாக்காமல் யோசனையால் மட்டுமே கிடைத்த வெற்றி.

ஏன் எப்போதும் “இளம்” கோள்களையே கண்டுபிடிக்கிறார்கள்?

நல்ல கேள்வி. இந்தத் துறையின் பாதி விஷயம் இதில் அடங்கிவிடும்.

நாம் வியாழனைப் பார்ப்பது அது திருப்பி அனுப்பும் சூரிய ஒளியால். படம் எடுக்கப்பட்ட புறக்கோள்கள் ஏறத்தாழ எல்லாமே தம் சொந்த வெப்பத்தால் ஒளிர்பவை. பெரிய கோள் ஒன்று உருவாகும்போது வாயுவும் தூசியும் உள்நோக்கி விழுந்து அமுங்குவதில் ஏராளமான வெப்பம் சேர்கிறது. அது பல கோடி ஆண்டுகளுக்கு மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். நம் வியாழன் பிறந்து சுமார் 450 கோடி ஆண்டுகள் ஆகியும், சூரியனிடமிருந்து பெறுவதைவிடக் கூடுதலான வெப்பத்தை இன்றும் வெளியிடுகிறது. எச்ஆர் 8799-இன் வயது மூன்று, நான்கு கோடி ஆண்டுகள். டைனோசர்கள் அழிந்து வெகுகாலம் கழித்துப் பிறந்த விண்மீன்! அதன் கோள்களின் வெப்பம் ஏறத்தாழ 600 முதல் 900 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் அவை அகச்சிவப்பு ஒளியை அள்ளி வீசுகின்றன. நூறு கோடியில் ஒரு பங்கு என்றிருந்த கணக்கு, அகச்சிவப்பில் லட்சத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று என்று இறங்கிவிடும். அந்த அளவு இன்றைய கருவிகளுக்கு எட்டும்.

இதனால் ஒரு சாய்வு வருகிறது. இந்த முறையில் கிடைப்பவை இளையவை, வியாழனைவிடப் பல மடங்கு கனமானவை, தம் விண்மீனிலிருந்து வெகு தொலைவில் சுற்றுபவை. எச்ஆர் 8799-இன் கடைசிக் கோள், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப் போல ஏறத்தாழ 70 மடங்கு தள்ளி இருக்கிறது. நெப்டியூனே 30 மடங்குதான். ஆகவே படங்களை மட்டும் பார்த்து, பிரபஞ்சம் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிலியில் உள்ள ஜெமினி தெற்குத் தொலைநோக்கியில் ஜிபிஐ என்ற கருவியைக் கொண்டு நடந்த தேடலில், முதல் 300 இளம் விண்மீன்களில் தென்பட்டவை ஆறு கோள்களும் மூன்று பழுப்புக் குறுமீன்களும் மட்டுமே. அந்த ஆறில் அந்தத் தேடலே புதிதாகக் கண்டுபிடித்த கோள் ஒன்றுதான்: 51 எரிடானி பி. தொலைவில் சுற்றும் பெருங்கோள்கள் அரியவை, சூரியனைவிடக் கனமான விண்மீன்களுக்கே அவை கூடுதலாக அமைகின்றன என்பது அதிலிருந்து தெரிந்தது. ஒன்றும் கிடைக்காத இரவுகளும் கணக்கில் சேரும் வேலை இது.

படத்தை வைத்துக் கோளின் எடையைச் சொல்ல முடியுமா?

நேரடியாக முடியாது. எவ்வளவு ஒளிர்கிறது என்பதையும் விண்மீனின் வயதையும் வைத்து, இந்த வயதில் இவ்வளவு சூடாக இருக்க எவ்வளவு நிறை வேண்டும் என்று மாதிரிகளில் கணக்கிடுகிறார்கள். வயதைத் தவறாகக் கணித்தால் எடையும் தவறிவிடும். வியாழனைப் போல 13 மடங்கைத் தாண்டினால், உள்ளே டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் எரியத் தொடங்கும். பிறகு அதைப் பழுப்புக் குறுமீன் என்பார்கள். அந்த எல்லைக்கு அருகில் இருப்பவை பற்றிய சண்டை ஓயப்போவதில்லை. ஹிப்பார்க்கோஸ், கையா விண்கலங்கள் அளந்த விண்மீன் இடங்களை ஒப்பிட்டு, கோள் தன் விண்மீனை எவ்வளவு அசைக்கிறது என்று பார்ப்பது இன்னொரு வழி. என் மதிப்பில் அதுதான் நம்பத்தகுந்தது.

ஒரு பொட்டு தெரிந்ததும் கோள் என்று எப்படி நம்புகிறார்கள்?

நம்புவதில்லை. ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ காத்திருக்கிறார்கள். எல்லா விண்மீன்களும் வானத்தில் மிகச் சிறிதளவு இடம் பெயர்கின்றன. அந்தப் பொட்டு பின்னணியில் வெகுதொலைவில் உள்ள விண்மீனாக இருந்தால், நம் விண்மீன் நகர்ந்துவிட, அது பின்தங்கி நிற்கும். கோளாக இருந்தால் கூடவே வரும். படமெடுத்த மறுநாளே அறிவிக்காமல் ஆண்டுக்கணக்கில் வாய் மூடி இருப்பது அதனால்தான்.

கூடவே வந்தாலும் போதாது என்பதற்கு ஃபோமல்ஹாட் பி சாட்சி. எச்ஆர் 8799 அறிவிக்கப்பட்ட அதே நாளில் அதுவும் அறிவிக்கப்பட்டது. 25 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஃபோமல்ஹாட் விண்மீனின் தூசி வளையத்துக்குள் ஹப்பிள் 2004-இலும் 2006-இலும் ஒரு பொட்டைப் பிடித்தது. இடையில் அது நகர்ந்தும் இருந்தது. உலகமே கொண்டாடியது. ஆனால் கோள் என்றால் அகச்சிவப்பில் வெப்பம் தெரிய வேண்டும், தெரியவில்லை. பொட்டு ஆண்டுக்கு ஆண்டு மங்கியது, பரவியது, 2014-இல் ஹப்பிளுக்குத் தென்படவே இல்லை. பனியும் பாறையுமான இரண்டு பொருள்கள் மோதி நொறுங்கியதில் எழுந்த தூசிமேகம் அது என்று 2020-இல் வந்த ஆய்வு விளக்கியது. இதைத் தோல்விக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. வேறொரு விண்மீனைச் சுற்றி நடந்த மோதலின் புகை கலைவதைப் பத்தாண்டு பார்த்திருக்கிறோம். கோள் கிடைத்திருந்தால்கூட இவ்வளவு சுவையாக இருந்திருக்காது.

கோள்கள் சுற்றுவதைப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். எச்ஆர் 8799-இன் பல ஆண்டுப் படங்களை வரிசையாக ஓட்டிய காணொளியில் நான்கு கோள்களும் ஊர்வது தெரியும். உள்ளே இருப்பது ஒரு சுற்று வர அரை நூற்றாண்டு பிடிக்கும். வெளியே இருப்பதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல்.

பீட்டா பிக்டோரிஸ் பி இன்னும் விறுவிறுப்பானது. 63 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அந்த விண்மீனின் ஒரு பக்கத்தில், 2003-இல் எடுத்த படங்களில் ஒரு பொட்டு இருந்தது. ஆன்-மரி லாக்ராஞ்ச் தலைமையிலான குழு அதை 2008-இல் அறிவித்தது. பிறகு பார்த்தால் காணவில்லை. 2009-இல் விண்மீனின் மறுபக்கத்தில் வந்து நின்றது. சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. ஒரு சுற்றுக்கு இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல்.

பொட்டை வைத்துக்கொண்டு என்ன தெரிந்துகொள்ள முடியும்?

ஒளி கையில் கிடைத்துவிட்டால் அதை நிறமாலையாகப் பிரித்து, கோளில் என்னென்ன வாயுக்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம். எச்ஆர் 8799-இன் கோள்களில் நீராவி, கார்பன் மோனாக்சைடு. 51 எரிடானி பி-யில் மீத்தேன். பீட்டா பிக்டோரிஸ் பி தன்னைத்தானே சுற்றும் வேகத்தை 2014-இல் அளந்தார்கள்: நடுக்கோட்டில் விநாடிக்கு 25 கிலோமீட்டர், அதாவது அங்கே ஒரு நாள் சுமார் எட்டு மணி நேரம். மேற்பரப்பில் ஒரு மேகத்தைக்கூடப் பார்க்காமல் அதன் நாளின் நீளத்தைச் சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கோள்களுக்கு ஜாதகத்தில் பலன் உண்டா?

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது கேட்கிறார், பாதி விளையாட்டாக. கிடையாது. பூரட்டாதிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி வந்த பிறகு என்ன மாறியது?

முதுமையான, குளிர்ந்த கோள்களும் எட்டத் தொடங்கின. 12 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எப்சிலான் இண்டி விண்மீனின் பெருங்கோளை அது படம் எடுத்ததாக 2024-இல் செய்தி வந்தது. அதன் வெப்பம் இரண்டு டிகிரி செல்சியஸ் அளவு. சேர்வராயன் மலையின் மார்கழிப் பனிகூட அவ்வளவு குளிர்வதில்லை. 2025 ஜூனில் டிடபிள்யூஏ 7 என்ற இளம் விண்மீனின் தூசி வளையங்களுக்கு நடுவே சனியின் நிறையுள்ள கோள் ஒன்று தென்பட்டதை அறிவித்தார்கள். அதற்கு முன் படம் எடுக்கப்பட்ட கோள்களோடு ஒப்பிட்டால் அது மிகவும் இலேசானது.

பூமி போன்ற கோளின் படம் எப்போது என்று உடனே கேட்பார்கள். இன்னும் வெகுதூரம். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஒளியைப் பிரிக்க வேண்டும். அதற்கான ஒத்திகையாகத்தான் நாசாவின் ரோமன் விண்வெளித் தொலைநோக்கியில் ஒரு கரோனாகிராஃபைப் பொருத்தியிருக்கிறார்கள்.

காவலூரில் இதைச் செய்யக் கூடாதா?

ஜவ்வாது மலையில் வாணியம்பாடிக்கு அருகே உள்ள காவலூர் வைணு பாப்பு வான்காணகத்தின் மீது நமக்குப் பெருமை உண்டு. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்களின் தடயத்தைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. ஆனால் அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்த வேலைக்காகக் கட்டப்பட்டதல்ல. எட்டு, பத்து மீட்டர் கண்ணாடியும் பரனால், ஹவாயின் மௌனா கியா போன்ற மலைகளில் உள்ள அடங்கிய காற்றும் வேண்டும். பருவமழை இரண்டும் தொட்டுப் போகும் மலையில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இந்தியாவின் புறக்கோள் வேட்டை மவுண்ட் அபுவில், விண்மீனின் தள்ளாட்டத்தை அளக்கும் பாரஸ் கருவிகளில் நடக்கிறது.

சரி, கோள் வேண்டாம். ஏற்காட்டிலிருந்து அந்த விண்மீன்களையாவது காட்டுங்கள்.

பொங்கலை ஒட்டி, நிலவில்லாத இரவாகப் பார்த்து வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியும். மே மாதத்தில் கோடை விழாக் கூட்டமும் விளக்குகளும். தை, மாசிதான் சரி. கம்பளி அவசியம், 7×50 இருகண்நோக்கி இருந்தால் நல்லது.

இரவு ஏழரை மணிக்கு மேற்கே பாருங்கள். நான்கு விண்மீன்கள் பெரிய சதுரமாக நிற்கும். அடிவானத்தை நோக்கிய பக்கத்தில் இருக்கும் இரண்டும் பூரட்டாதி, மேலே உள்ள இரண்டும் உத்திரட்டாதி. பூரட்டாதியின் இரண்டு விண்மீன்களையும் கோடு போட்டு இணைத்து, ஏறக்குறைய நடுவில் இருகண்நோக்கியைத் திருப்பினால், மங்கலான ஆறாம் ஒளிப்பரிமாண விண்மீன் ஒன்று, அதாவது வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லையில் உள்ள ஒன்று, தெரியும். எச்ஆர் 8799 அதுதான். அதற்கு இரண்டு டிகிரி மேற்கே, சற்றே கூடுதல் ஒளியுடன் 51 பெகாசி. 1995-இல் மேயரும் கெலோசும் சூரியனைப் போன்ற விண்மீனுக்கு முதல் கோளைக் கண்டுபிடித்தது அங்கேதான். அதற்காக அவர்களுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. தள்ளாட்டத்தால் அறியப்பட்டதும் படத்தில் குடும்பமாகச் சிக்கியதும் ஒரே இருகண்நோக்கிப் பார்வைக்குள் இருக்கின்றன. அதே கோட்டைத் தெற்கே நீட்டிக்கொண்டே போனால், தென்மேற்கில் தாழ்வாகத் தனித்து ஒளிர்வது ஃபோமல்ஹாட்.

பத்து மணிவாக்கில் தெற்கே திரும்புங்கள். பளிச்சென்று நிற்பது அகத்திய நட்சத்திரம். அதற்கு வலப்பக்கம், கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகலத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளி, கொஞ்சம் மேலே இருப்பது பீட்டா பிக்டோரிஸ். வெறுங்கண்ணுக்கே தெரிய வேண்டிய விண்மீன். ஆனால் சேலத்தின் வெளிச்சம் தெற்கு வானத்தில்தான் படர்ந்திருக்கிறது. லேடீஸ் சீட் இதற்கு உதவாது. நகரத்தை ஒரு மேடு மறைக்கும் இடமாகப் பாருங்கள். காபித் தோட்டங்களுக்குள் இரவில் இறங்க வேண்டாம், காட்டெருமைகள் நடமாடும். மூடுபனி ஏறிவிட்டால் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை இறக்க அவசரப்படாமல், விடியும்வரை மேலேயே தங்கிவிடுங்கள்.

கல்லூரி மாணவர்கள் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், தொலைநோக்கி இல்லாமலேயே. ஐரோப்பியத் தெற்கு வான்காணகம் எடுத்த தரவுகள் பெரும்பாலும் ஓராண்டு கழித்துப் பொதுவில் திறந்துவிடப்படுகின்றன, யாரும் தரவிறக்கலாம். பைதான் மொழியும் கொஞ்சம் நேரியல் இயற்கணிதமும் தெரிந்தால், மேலே சொன்ன கழித்து அடுக்கும் முறையை மடிக்கணினியிலேயே செய்து பார்க்கலாம். பீட்டா பிக்டோரிஸிலிருந்து தொடங்குங்கள். அதன் கோள் ஒளி மிகுந்தது. கணக்கில் தவறு இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.